ரொட்டியைத் தொட்டுப் பார்ப்பது

(கோத்தகிரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது.)

அனைவருக்கும் வணக்கம். இந்த மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். அதனால் நேராகக் கதைக்கு வந்துவிடுகிறேன்.

ஜமைக்கா கின்கெய்ட் எழுதிய ‘கேர்ள்’. சிறுமி என்று வைத்துக்கொள்ளலாம். 1978-இல் நியூயார்க்கர் பத்திரிகையில் வந்தது. இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் இல்லை. எழுதியவர் 1949-இல் பிறந்தவர். பெயரில்தான் ஜமைக்கா, பிறந்த ஊர் கரீபியக் கடலில் ஆன்டிகுவா தீவு. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து இறக்கிய தீவு அது. 1834-இல் அடிமை முறை ஒழிந்தது. தீவு சுதந்திரம் பெற 1981 வரை ஆயிற்று. தேயிலைக்காகக் கீழ்நாட்டிலிருந்து ஆள் ஏற்றிய மலையில் உட்கார்ந்திருக்கிற நமக்கு, அந்த மண்ணைப் பற்றி நிறைய விளக்க வேண்டியதில்லை.

கதையில் சம்பவம் என்று எதுவும் கிடையாது. ஒரு அம்மா மகளுக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். திங்கட்கிழமை வெள்ளைத் துணியைத் துவைத்துக் கல் குவியல்மேல் காயப்போடு. செவ்வாய்க்கிழமை கலர் துணி, அதைக் கொடியில் போடு. உப்புக் கருவாட்டை ராத்திரியே ஊற வை. நான் முற்றுப்புள்ளி வைத்துச் சொல்கிறேன். கதையில் அது இல்லை. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் அரைப்புள்ளிதான். மூச்சு வாங்க மட்டும் இடம், பதில் சொல்ல இடமில்லை.

இதில் குறியீடுகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். வெள்ளைத் துணி என்றால் தூய்மை, ரொட்டி என்றால் மானம் என்று பட்டியல் போடுவது ஒரு வழி. எனக்கு அது போதவில்லை. வெள்ளைத் துணி முதலில் வெள்ளைத் துணிதான். ஜூலை மாதம் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் காயவைத்தவர்களுக்குத் தெரியும். வெயிலே இருக்காது. அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட வேண்டும், அதிலும் புகை நேராகப் படாத பக்கமாக. பட்டால் மஞ்சளாகிவிடும். எங்கள் அம்மா அதைத் தினமும் சொல்வார். மஞ்சளான சட்டையோடு போகிற பிள்ளையை வகுப்பில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பயம் ஊறிப் போன பிறகுதான் துணி குறியீடாகிறது.

சேப்பங்கிழங்கும் கதையில் வருகிறது. தண்ணீர் நிறைய விட்டு வளர்க்காவிட்டால் தொண்டை அரிக்குமாம். ஓடைக்கரைச் சேம்பைத் தின்று தொண்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் இங்கே எத்தனை பேர்!

இன்னொன்று. ‘இப்படித்தான்’ என்ற பொருளில் வரும் சொற்றொடர் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. இப்படித்தான் பொத்தான் தைக்கணும். இப்படித்தான் அப்பாவின் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போடணும். பிடிக்காதவரைப் பார்த்து இப்படித்தான் சிரிக்கணும். டீக்கு இப்படித்தான் மேஜை வைக்கணும் என்றும் சொல்கிறாள். அந்த மேஜைக்கு இலை பறித்துக் கொடுத்தது நம் மலையைப் போன்ற மலைகள்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சரி, ‘இப்படி’க்கு வருகிறேன். நம் இலக்கணத்தில் இகரம் அண்மைச் சுட்டு. பக்கத்தில் இருப்பதைக் காட்டத்தான் அது வரும். கையில் செய்து காட்டாமல் ‘இப்படி’ என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. கதையில் கையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது, ஆனாலும் படிக்கும்போது ஊசியைப் பிடித்திருக்கிற விரல் தெரிகிறது. இவ்வளவு கடுமையாகப் பேசுகிற அம்மா, மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நீ வேசையாகப் போகத்தான் துடிக்கிறாய் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் ஒரு முறைக்கு மேல் சொல்கிறவளும் அவள்தான். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓரிடத்தில் சொல்கிறாள், கரும்பறவையின்மேல் கல்லெறியாதே, அது கரும்பறவையாகவே இல்லாமல் இருக்கலாம் என்று. அந்தத் தீவுகளில் ஓபியா என்ற மந்திர வழக்கு உண்டு, அதன் நிழல் இந்த வரியில் விழுகிறது. எனக்கு நினைவு வருவது காட்டுமாடு. பொழுது சாய்ந்தால் தேயிலைக் கொழுந்துக் காட்டு வழியாக வராதே, காட்டுமாடு நிற்கும் என்பார் அம்மா. காட்டுமாடு நின்றதும் உண்டு, பொய்யில்லை. ஆனால் அவர் குரல் தாழ்ந்தது வேறு எதற்கோ என்பது எனக்குப் பதினான்கு வயதில்தான் புரிந்தது.

அப்புறம், இந்த அம்மாவை வெறும் காவல்காரி என்று ஒதுக்கிவிட முடியாதபடி கதையே ஒரு வேலை செய்கிறது. கட்டளைகளுக்கு நடுவே, வேண்டாத கருவைக் கலைக்க மருந்து செய்வதைச் சொல்லித் தருகிறாள். ஒருவனை நேசிக்கச் சொல்லித் தருகிறாள், சரிப்படாவிட்டால் விட்டுவிடலாம், வருந்தாதே என்கிறாள். நினைத்தால் மேலே பார்த்துத் துப்பு, உன்மேல் விழாமல் சட்டென்று நகர்ந்துகொள் என்கிறாள். மல்லாந்து உமிழ்ந்தால் மார்மேல் விழும் என்பது நம் பழமொழி. துப்பாதே என்று தடுக்கத்தான் அதைச் சொல்வோம். இவள் துப்பிவிட்டுத் தப்பிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

மகள் இரண்டே முறைதான் பேசுகிறாள். ஞாயிறு பள்ளியில் பென்னா பாடுகிறாயாமே என்று அம்மா கேட்கிறாள். பென்னா என்பது ஊர்வம்பைப் பாட்டாக்கும் ஆன்டிகுவா நாட்டுப்பாடல். நான் ஞாயிற்றுக்கிழமை பாடவே மாட்டேனே என்று மகள் சொல்வதற்குள் அம்மா பல கட்டளை தாண்டிப் போய்விடுகிறாள்.

இரண்டாவது, கடைசியில். ரொட்டி புதிதா என்று எப்போதும் அழுத்திப் பார்த்து வாங்கு என்கிறாள் அம்மா. ரொட்டிக்காரர் என்னைத் தொட விடாவிட்டால் என்ன செய்வது என்று மகள் கேட்கிறாள். எவ்வளவு நியாயமான கேள்வி! அம்மாவுக்கு அது பேரிடியாக விழுகிறது. இவ்வளவு சொல்லியும், ரொட்டிக்காரன் ரொட்டிப் பக்கமே விடாத பெண்ணாகவா ஆகப்போகிறாய் என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்குறியோடு கதை நின்றுவிடுகிறது.

துவைத்தது, பெருக்கியது, சிரித்தது எல்லாமே அந்தக் கடை வாசலுக்காகத்தான். பெயர் கெட்டுப் போகாதவளுக்குத்தான் தொட உரிமை. அம்மா அதை மகளின் நடத்தையில் கொண்டுபோய் வைக்கிறாள். மகளோ கடைக்காரரின் நடத்தையைக் கேட்கிறாள். தொட விடுவதும் விடாததும் அவர் கையில்தானே இருக்கிறது?

எங்கள் அம்மாவுக்குப் பெயர் கெடவே இல்லை. முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர், விரல் முழுக்கக் கறுப்புக் கறை. எத்தனை தேய்த்தாலும் போகாது. சந்தை நாளில் பேக்கரிக்குக் கூட்டிப் போவார். மற்றவர்கள் வர்க்கியை, அந்த மொறுமொறு ரொட்டியை, எடுத்து உடைத்துப் பார்த்து வாங்குவார்கள். அம்மா இரண்டடி தள்ளி நின்று, அது, அந்தத் தட்டில் இருப்பது என்று விரலை நீட்டிக் காட்டுவார். கடைக்காரர் காகிதத்தில் சுற்றி மேஜைமேல் வைப்பார், கையில் தரமாட்டார். ஏன் தள்ளி நிற்கிறோம் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இந்தக் கதையைப் படித்த பிறகு கேட்டேன். கை அழுக்கா இருக்குல்ல என்றார்.

போன மாதம் சந்தைக்குக் கூட்டிப் போனேன். வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றன, விரலில் கறை இல்லை. வேண்டியதை எடுத்துப் பாருங்கம்மா என்றேன். தட்டு வரைக்கும் கையைக் கொண்டுபோனவர், தட்டின் ஓரத்திலேயே நிறுத்திக்கொண்டு, அதோ அது என்று காட்டினார்.