சட்டியில் இருக்கிறது, அகப்பையைக் காணோம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் கௌரவ பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கோவில் தலைவர் ஐயா அவர்களே, மழையோடு மழையாக வந்து சேர்ந்த அதிபர் அவர்களே, குத்துவிளக்கின் ஐந்து திரியும் பற்றும்வரை காற்றுக்குக் குடைபிடித்து நின்ற தம்பி அவர்களே, மலையிலிருந்து இறங்கி முகம் கழுவின கையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற அக்காமார்களே, தங்கச்சிமார்களே, வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டேன். அவர் இன்றைக்கு வரவே இல்லை.

‘பெண் நாவலாசிரியர்கள் எப்படி எழுதுகிறார்கள்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். கதை எங்கிருந்து வருகிறது, அதை எப்படி எழுதி முடிக்கிறார்கள், எழுதியதை யார் அச்சுப் போடுகிறார்கள். எழுதுகிற பெண்ணுக்குத் தனி அறை வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் கேட்டதைப் பற்றி எனக்கு முன் பேசிய இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்தெழும்பிய எனக்கு, அந்த அறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கோபந்தான் வரும்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். என் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்குத் தெரியும், இதைச் சொல்லாமல் நான் ஒரு பாடமும் முடித்ததில்லை. சட்டியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

ராஜம் கிருஷ்ணன் உப்பளத்து ஆட்களைப் பற்றி எழுத நினைத்தபோது தூத்துக்குடிப் பக்கம் போய், அந்தச் சனங்களோடு பழகி, அவர்கள் பாட்டைப் பார்த்துக் கேட்டு எழுதினார். ‘கரிப்பு மணிகள்’ அப்படி வந்தது. நம்முடைய மலையகத் தோட்ட ஆட்களின் கதையையும் ‘மாணிக்கக் கங்கை’யில் எழுதியிருக்கிறார். தேடிப் போய்ச் சட்டியை நிரப்பிய எழுத்து அது. நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. சட்டிக்குள்ளேயேதான் குடியிருக்கிறோம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ வெளிவந்தது 1964இல். அதே வருசந்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் தலைகள்தான் இருந்தன. நாவலில் ஆட்கள் இருந்தார்கள். நம் காலத்தில் பிரமிளா பிரதீபன், எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஆட்களைப் பற்றி ‘கட்டுபொல்’ எழுதியிருக்கிறார். தேயிலையை மட்டுமே தோட்டம் என்று நினைக்கிறவர்கள் அதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

இனி எழுதுகிற விதம். இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும், தலைவர் அவர்கள் மணியைப் பார்க்காமல் இருந்தால்.

எங்கள் தோட்டத்து லய வரிசையில் கடைசி, தொங்கல் காம்பராவில் ஒரு பெரியம்மா இருந்தார். கையெழுத்துக்குப் பெருவிரல்தான். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது கதை சொல்லுவார். புராணமும் இல்லை, சினிமாவும் இல்லை, அவராகக் கட்டினது. கப்பலில் ஏறின ஒரு பிள்ளையின் கதை. ஒவ்வொரு நாளும் கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்து, அந்தப் பிள்ளையை ஏதாவது ஓர் ஆபத்தில் மாட்டிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த நாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எல்லாப் பெண்களும் அவருக்குப் பக்கத்து நிரைதான் வேண்டும் என்று நிற்பார்கள். கங்காணிக்கு ஆத்திரம். “கத கேக்கவா சம்பளம் குடுக்குறோம்?” என்று கத்தி, பெரியம்மாவைத் தனியாக மேல் மலைக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் அந்தி நேரம், நான் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கங்காணி மெல்ல வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, அந்தப் புள்ள கப்பல விட்டு எறங்குனுச்சா, இல்லையா?” என்கிறார். பெரியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னார்: “நெரயில வந்து நில்லுங்க, சொல்றேன்.”

அடுத்த நாளிலிருந்து பெரியம்மா பழைய நிரையில்.

நான் ஆசிரியை ஆன பிறகு, அந்தக் கதையை எழுதிவைக்கலாம் என்று கொப்பியோடு போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் சொன்னவர் நிறுத்திவிட்டு, “அத அழிச்சிரு டீச்சர். அவ அம்மாவுக்கு நான் ஞாயம் செய்யல. நாளைக்கு மாத்திச் சொல்றேன்” என்றார். எட்டு நாளில் தொடக்கத்தை ஐந்து முறை மாற்றினார். திருத்தி எழுதுவது என்று எழுத்தாளர்கள் சொல்லுகிறார்களே, அதைப் பெருவிரல் வைத்தவர் எனக்குப் படிப்பித்தார்.

வை.மு. கோதைநாயகி அம்மாளும் பள்ளிக்கூடம் போகாதவர்தான். 1924இல் வந்த தன் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லித்தான் எழுதவைத்தார். பிறகு தானே எழுதப் பழகி, 115 நாவல் எழுதி, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையும் நடத்தினார். முதல் அகப்பை அந்தப் பட்டம்மாள்! என் பெரியம்மாவுக்குக் கிடைத்த அகப்பை நான். எட்டாம் நாள் எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது அவர் இல்லை. கொப்பியில் பதினொரு பக்கம் இருக்கிறது. அந்தப் பிள்ளை இன்னும் கப்பலில்தான் நிற்கிறாள்.

அதனால்தான் உறுப்பினர் அவர்களே, உங்களைப் பார்த்தால் நான் எந்தக் கூட்டத்திலும் ஒரே விஷயத்துக்கு வந்து நிற்கிறேன். நம் ஊர் வாசிகசாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிறது. மலையில் கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையைத் தூக்கி, அடுப்பில் உலையும் வைத்துவிட்டு ஒரு பெண் வெளியே வர ஆறு மணி. அப்போது கதவில் பூட்டு. ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு. திறந்திருக்கிற நேரத்தில் உள்ளே யார் இருக்கிறார்கள்? பென்சன் எடுத்த நானும், பேப்பர் பார்க்கிற மூன்று ஐயாமாரும். ஒரு மேசை, ஒரு விளக்கு, கிழமையில் மூன்று நாள் எட்டு மணிவரை. சொல்லுகிறவருக்குப் பக்கத்தில் கொப்பியோடு உட்கார, உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் இப்போதே சரி என்று சொல்லியிருக்கிறார்கள். சட்டி நிறைய இருக்கிறது ஐயா, நாங்கள் கேட்பது அகப்பை.

அச்சுப் போடுவதைப் பற்றிச் சொல்லுகிறேன் என்றேன். தலைவர் இரண்டாம் முறை மணியடித்துவிட்டார். அது அடுத்த கூட்டத்துக்கு.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேத்தண்ணிக்குப் போகிற வழியில் கையெழுத்து வையுங்கள். பெருவிரல் வைக்கிறவர்களுக்கு மை டப்பியும் இருக்கிறது. பேனாவை மட்டும் தயவுசெய்து திருப்பி வைத்துவிட்டுப் போங்கள், போன முறை இரண்டு போய்விட்டது.