மதுவிலக்கு வேண்டும் என்றவர்களின் ஓட்டு எங்கே போனது?

[திரையில்: பூட்டிய டாஸ்மாக் கடை. ஷட்டருக்கு முன்னால் ஒரு வரிசை. மணி 11.50.]

மணி பன்னிரண்டு ஆகக் காத்திருக்கும் இந்த வரிசையில் போய், "அண்ணே, மதுவிலக்கு வரணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "வரட்டும் தம்பி, மூடித் தொலைக்கட்டும், நாங்களும் உருப்படுவோம்" என்று சொல்பவர் அந்த வரிசையிலேயே கிடைப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஷட்டர் திறந்ததும் உள்ளே கைநீட்டி ஒரு குவார்ட்டர் வாங்கிக்கொண்டும் வருவார். அதுவும் அவர்தான்.

ஒரு மாநிலத்து வாக்காளர்கள் ஒரு விஷயத்தில் என்ன நினைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது எப்படி? கண்டுபிடித்தபின் அதை வைத்து என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? இதைப் பேச டாஸ்மாக்கைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நடப்பு அரசியலைத் தொடப் போவதில்லை. சூடு ஆறிப்போன தேர்தல்களில்தான் இதையெல்லாம் நிதானமாகப் பார்க்க முடியும். முக்கியமாக, 2016.

[திரையில்: 2015, 2016 நாள்காட்டித் தாள்கள் ஒவ்வொன்றாகக் கிழிகின்றன.]

2015 ஜூலை 31. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் அருகே ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி, செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் இறந்துபோனார். மாநிலம் முழுக்கக் கொந்தளித்தது. மாணவர்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான், திமுக ஆட்சிக்கு வந்தால் மதுவிலக்கு வரும் என்று கருணாநிதி அறிவித்திருந்தார். பாமக அதை வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மக்கள் நலக் கூட்டணியும் சொன்னது. கடைசியாக 2016 ஏப்ரலில் சென்னைத் தீவுத்திடலில் ஜெயலலிதாவும், படிப்படியாக மதுவிலக்கு என்றார்.

தெருவில் இறங்கிக் கேட்டால் யாரும் "வேண்டாம்" என்று சொல்லியிருக்க மாட்டார்கள், அப்படி ஒரு சூழல். ஆக, இந்த ஒரு கேள்விதான் தேர்தலைத் தீர்மானிக்கும் என்று நினைக்கத் தோன்றும் அல்லவா? என்ன நடந்தது என்று பாருங்கள்.

முதல் நாளிலேயே முழு மதுவிலக்கு என்று அடித்துச் சொன்ன பாமக கிட்டத்தட்ட எல்லாத் தொகுதிகளிலும் தனியாக நின்றது. கிடைத்தது 5.3 சதவீத ஓட்டு. இடம், பூஜ்யம். முதல்வர் வேட்பாளரான அன்புமணி பென்னாகரத்தில் தோற்றார். மக்கள் நலக் கூட்டணிக்கும் பூஜ்யம். அதன் முதல்வர் வேட்பாளர் விஜயகாந்த் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட்டையே இழந்தார். ஜெயித்தது, இருப்பதிலேயே மெதுவான வாக்குறுதி கொடுத்த அதிமுக. கடைகளைத் திறந்து நடத்திக்கொண்டிருந்ததும் அதே கட்சிதான்! ஆளும் கட்சியே மறுபடி ஆட்சிக்கு வந்தது 1984-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அப்படியென்றால் மக்களுக்கு மதுவிலக்கில் அக்கறை இல்லையா? அவசரப்பட வேண்டாம். இங்கே இரண்டு விஷயம் பின்னிக் கிடக்கிறது.

ஒன்று, எல்லாக் கட்சியும் ஒரே வாக்குறுதியைக் கொடுத்துவிட்டால் அந்த வாக்குறுதியை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. நான்கு கடையிலும் இட்லி இருந்தால், இட்லிக்காக ஒரு கடையைத் தேடிப் போக மாட்டோம். சட்னியைப் பார்ப்போம். வாக்காளரும் சட்னியைப் பார்த்தார்: வேட்பாளர், சாதி, தலைவர் மீதான பற்று, ரேஷன் கடையில் வந்துசேரும் அரிசி, யார் ஜெயிப்பார்கள் என்ற கணக்கு, சில இடங்களில் கவரில் வந்த பணம். பணம் என்று சும்மா சொல்லவில்லை. அதே 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டு தொகுதிகளிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே ரத்து செய்தது தேர்தல் ஆணையம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "வேண்டுமா?" என்று கேட்பதும் "எதை விட்டுக்கொடுத்தாவது வேண்டுமா?" என்று கேட்பதும் வேறு வேறு கேள்விகள். கருத்துக்கணிப்பில் கேட்பது பெரும்பாலும் முதல் கேள்வி. ஓட்டுப்போடும் இடத்தில் நாம் பதில் சொல்வது இரண்டாவதற்கு. பத்து விஷயத்தில் பத்துக் கருத்து இருக்கலாம். பொத்தான் ஒன்றுதான்.

[திரையில்: இரண்டு எண்கள் மட்டும். 3,639 கோடி. 45,855 கோடி.]

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பது பதிலை எவ்வளவு திருப்பும் என்று பார்ப்போம். டாஸ்மாக் நிறுவனம் 1983-இல் தொடங்கியது. சில்லறை விற்பனையை அரசே கையில் எடுத்தது 2003 நவம்பரில். 2003-04-இல் அரசுக்கு வந்த வருவாய் சுமார் 3,639 கோடி ரூபாய். 2023-24-இல் 45,855 கோடி. இந்தப் பக்கம், 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 12,000 கோடியைத் தாண்டும்.

இப்போது ஒரே அம்மாவிடம் மூன்று கேள்வி கேட்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "டாஸ்மாக்கை மூட வேண்டுமா?" "அரசு வருமானம் குறைந்தாலும் டாஸ்மாக்கை மூட வேண்டுமா?" "மாதம் 1,000 ரூபாய் நின்றுபோனாலும் மூட வேண்டுமா?" முதல் கேள்விக்குக் கிடைக்கும் "ஆமாம்" மூன்றாவதற்கும் அப்படியே கிடைக்கும் என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். கிடைக்காது என்றும் கட்ட முடியாது. புருஷன் மாதம் 6,000 ரூபாய்க்குக் குடிக்கிற வீட்டில், "ஆயிரம் போனால் போகட்டும், முதலில் மூடுங்கள்" என்று பதில் வரலாம். மூன்றாவது கேள்வியே ஒருவகையில் போங்குதான். அந்தப் பணத்தை மதுக்கடையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று கேள்வி கேட்பவரே முடிவு செய்துவிடுகிறார். "மக்களில் இத்தனை சதவீதம் பேர் ஆதரவு" என்று ஒரு செய்தி வந்தால், சதவீதத்தைப் பார்க்கும் முன் கேட்ட கேள்வியை அச்சு அசலாகப் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். போடவில்லையா, நான் அந்தச் செய்தியைப் படிப்பதையே நிறுத்திவிடுவேன்.

கேள்வி மாறாமல் இருந்தாலும் இடம் மாறினால் பதில் கனம் மாறும். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றச் சொன்னது. 2017 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கடைகள் மூடின. அவற்றில் பலவற்றை ஊருக்குள் மாற்ற முயன்றார்கள். அப்போதுதான் ஊர் ஊராகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியலில் இருந்த ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி ஒருவர் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அதே பெண்களிடம் ஒரு வருடம் முன்னால் மதுவிலக்கு பற்றிக் கேட்டிருந்தாலும் "வேண்டும்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கடை நெடுஞ்சாலையில் இருக்கும்போது அது ஒரு கருத்து. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழிக்கு வந்தபோது அதற்காக வெயிலில் உட்காரத் தயாரானார்கள். ஆம், இல்லை என்று டிக் அடிக்கும் படிவத்தில் இந்த வித்தியாசத்துக்குக் கட்டம் கிடையாது.

சரி, எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

[திரையில்: அடுப்பில் கொதிக்கும் சோற்றுப் பானை.]

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். புள்ளியியல் இதைப் பெருமளவு ஒப்புக்கொள்ளும். 1,000 பேரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டால் பிழை வரம்பு ஏறத்தாழ 3 சதவீதம், அதாவது கிடைக்கும் எண்ணிலிருந்து உண்மை நிலை 3 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். புதுச்சேரிக்கும் அதே 1,000 பேர், 2021-இல் 6 கோடியே 28 லட்சம் வாக்காளர்கள் இருந்த தமிழ்நாட்டுக்கும் அதே 1,000 பேர். பலர் இதை நம்ப மறுப்பார்கள், ஆனால் பானை பெரிதானதற்காகக் கரண்டி பெரிதாக வேண்டியதில்லை. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் மட்டும் நான்கு மடங்கு பேரிடம் போக வேண்டும்.

பழமொழி சொல்லாமல் விட்டது, பானையைக் கிளறியிருக்க வேண்டும் என்பதை. கிளறாத பானையில் மேலே அரிசி, அடியில் தீய்ந்த சோறு. பேருந்து நிலையத்தில் மைக்கை நீட்டிக் கேட்பது கிளறாத பானை. முறையாகச் செய்கிறவர்கள் தொகுதியைக் குலுக்கி எடுத்து, அதற்குள் வாக்குச்சாவடியைக் குலுக்கி எடுத்து, அந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரைக் குலுக்கி எடுப்பார்கள். அந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுவிட்டு வரக் கூடாது. சொல்வது எளிது. மே மாத வெயிலில் மூன்றாவது தடவை அதே சந்துக்குப் போகும் பையனுக்குத்தான் தெரியும் அதன் வலி.

போய்ச் சேர்ந்தாலும் வாசலில் மாமனார் நிற்பார், கொழுந்தன் நிற்பார். கட்சிக்கரை வேட்டியோடு வார்டு செயலாளர் எட்டிப் பார்ப்பார். "யாருக்கு ஓட்டு?" என்றால் அந்தப் பெண் என்ன சொல்வார்? லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் என்ற ஆய்வு அமைப்பு நடத்தும் கணிப்புகளில் இதற்காகவே மாதிரி வாக்குச்சீட்டும் ஒரு பெட்டியும் கொண்டுபோவார்கள். சின்னத்தில் குத்தி, மடித்து, உள்ளே போட்டுவிடலாம். கேட்பவருக்கும் தெரியாது, கொழுந்தனுக்கும் தெரியாது.

பெட்டி கொண்டுபோகாத கணிப்புகளும் உண்டு. தானாக முன்வந்து கருத்துச் சொல்பவர்களை எண்ணுவது. நீட் தேர்வின் தாக்கம் குறித்து 2021-இல் தமிழக அரசு அமைத்த ஏ.கே.ராஜன் குழுவுக்கு 86,342 பேர் கருத்து அனுப்பினார்கள். பெரும்பாலானோர் எதிர்ப்பு. குழு பல தரவுகளையும் அலசியது, இது அதில் ஒரு பகுதி. ஆனால் அந்த எண்ணை மட்டும் உருவி, "தமிழக மக்களில் இத்தனை சதவீதம்" என்று பேசும்போது தப்பாகிவிடுகிறது. 86,000 என்பது 1,000-ஐவிட எவ்வளவோ பெரிது. ஆனால் எழுதி அனுப்பும் அளவுக்கு ஆத்திரமோ ஆசையோ இருந்தவர்களின் எண்ணிக்கை அது. நீட் எதிர்ப்பு தமிழ்நாட்டில் பரவலானது என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை நிரூபிக்க இந்த எண் உதவாது, அவ்வளவுதான்.

அப்புறம், எக்ஸிட் போல். 2016-இல் வாக்குப்பதிவு முடிந்த மாலையில் பெரும்பாலான கணிப்புகள் திமுக என்றன. ஆக்சிஸ் மை இந்தியா திமுக அணிக்கு 124 முதல் 140 வரை கொடுத்தது. சி-வோட்டர் எதிர்த்திசையில் போய் அதிமுகவுக்கு 139 என்றது. வந்த முடிவு: அதிமுக 134. மற்றவர்களை முட்டாள்கள் என்று திட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. அதிமுகவுக்கு 40.8 சதவீதம். திமுக, காங்கிரஸ் உள்ளிட்ட அணிக்கு சுமார் 39.8. இடைவெளி ஒரு சதவீதம். 3 சதவீதப் பிழை வரம்புள்ள தராசில் ஒரு சதவீத வித்தியாசத்தை நிறுத்த முடியுமா?

ஓட்டை இடமாக மாற்றுவது இன்னொரு வித்தை. 2021-இல் திமுக, அதிமுக அணிகளுக்கு இடையே ஓட்டு வித்தியாசம் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இடங்கள் 159, 75. 2014 மக்களவைத் தேர்தலில் திமுகவுக்கு 23 சதவீதத்துக்கு மேல் ஓட்டு இருந்தும் ஓர் இடம்கூட இல்லை. ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாக அளக்க வேண்டுமானால் 234 தொகுதிக்கும் ஆயிரம் ஆயிரமாக 2,34,000 பேரிடம் போக வேண்டும். அவ்வளவு பேரிடம் போவது அபூர்வம். டிவியில் வரும் இட எண்ணிக்கையில் பாதி அளவீடு, பாதி ஊகம்.

[திரையில்: ஒரே விரல், இரண்டு பொத்தான்கள்.]

ஒரே வாக்காளர் ஒரே காலத்தில் இரண்டு பதில் சொன்னதும் நம் ஊரில்தான். 1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல், திமுக-காங்கிரஸ் அணிக்கு 39-இல் 37. எம்ஜிஆர் கதை முடிந்தது என்றார்கள். ஆட்சியும் கலைக்கப்பட்டது. மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது, அதிமுகவுக்கு மட்டும் 129. ஐந்து மாதத்தில் மக்கள் மனம் மாறிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். ஆனால் 2019 ஏப்ரல் 18-க்கு அந்த விளக்கம் செல்லாது. அன்று மக்களவைத் தேர்தலோடு 18 சட்டமன்றத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தலும் நடந்தது. மே மாதம் இன்னும் நான்கு. மக்களவையில் அதிமுகவுக்குத் தேனி மட்டும்தான். ஆனால் 22 இடைத்தேர்தல்களில் 9-ஐ ஜெயித்து எடப்பாடி பழனிசாமியின் ஆட்சி தப்பியது. அடுத்தடுத்து இருந்த இரண்டு எந்திரங்களில், ஒன்றில் "டெல்லிக்கு யார்?" என்றும் இன்னொன்றில் "இங்கே ஆட்சி இருக்கட்டுமா?" என்றும் மக்கள் பிரித்துப் படித்திருக்கிறார்கள். "அதிமுக பிடிக்குமா, பிடிக்காதா?" என்று கேட்டுக்கொண்டு போயிருந்தால் இரண்டுமே பிடிபட்டிருக்காது.

டாஸ்மாக்குக்கே வருவோம். 2016-இல் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா 500 கடைகளை மூடக் கையெழுத்திட்டார். 2017-இல் பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூனில் ஸ்டாலின் ஆட்சியில் மற்றொரு 500. 6,800 போல இருந்த கடைகள் 4,800 அளவுக்கு இறங்கின. வருவாய் எங்கே போயிற்று என்று ஏற்கெனவே பார்த்தோம். கருத்துக்கணிப்பு நடத்தியோ நடத்தாமலோ, அரசியல்வாதிகள் நம்மைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். "மூடணும்" என்ற குரலுக்குக் கொஞ்சம் மூடுகிறார்கள். அதற்காக ஓட்டை மாற்ற மாட்டோம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்களிடம் அந்த மூன்று கேள்வியில் ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றால் எதைக் கேட்க வேண்டும்? கமென்டில் எழுதுங்கள். ஆனால் "மூட வேண்டும்" என்று ஆயிரம் பேர் எழுதினாலும், "நம் பார்வையாளர்களின் கருத்து" என்று தலைப்புப் போட்டு அடுத்த வீடியோ எடுக்க மாட்டேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

[திரையில்: மணி 12.00. ஷட்டர் ஏறும் சத்தம்.]