ஜிம் குண்டடி பட்டுச் சாகலை

ரெண்டு நாளா எனக்கு ஒரே எரிச்சல். ஒரு நிமிஷ வீடியோ ஒண்ணு சுத்திட்டு இருக்குல்ல, உங்கள்லயே பத்துப் பதினஞ்சு பேர் எனக்கு அனுப்பிட்டீங்க. "14 வயசுச் சிப்பாய், நெஞ்சுல குண்டு வாங்கி வீரமரணம்"னு ஒரு குரல், பின்னாடி காதைப் பிளக்குற மியூசிக். அதுல காட்டுறது ஜேம்ஸ் மார்ட்டின் போட்டோ, முதல் உலகப் போருக்குப் போன ஆஸ்திரேலியப் பையன். வீட்டுல ஜிம்னு கூப்பிடுவாங்க. அவன் குண்டடி பட்டுச் சாகலைங்க. டைஃபாய்டுல செத்தான்.

அதான் தாங்க முடியாம மெல்போர்ன்ல இருந்து ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி கான்பெரா வந்துட்டேன். ஆஸ்திரேலியப் போர் நினைவகம் அதோ, எனக்குப் பின்னாடி தெரியுது பாருங்க. உள்ள கேமராவைப் பாத்துப் பேசுறது எனக்குச் சுத்தமா பிடிக்காது, உங்களுக்கே தெரியும். அதனால பாத்துட்டு வந்து காருக்குள்ள உக்காந்து சொல்றேன்.

ஜிம் பிறந்தது 1901 ஜனவரி 3. மெல்போர்ன்ல ஹாத்தார்ன்ல குடும்பம். நம்ம ட்ரெயின் வீடியோல தினமும் தாண்டிப் போவேனே, அதே ஹாத்தார்ன். ஒரே பையன், மத்தது எல்லாம் பொண்ணுங்க. 1915 ஏப்ரல்ல 18 வயசுன்னு சொல்லி ராணுவத்துல சேர்ந்தான். நிஜ வயசு 14 வருஷம் 3 மாசம்! அம்மா அமீலியா எப்படிச் சம்மதிச்சாங்கன்னு கேக்காதீங்க. "விடலைன்னா வேற பேர்ல சேருவேன், கடுதாசியே போட மாட்டேன்"ங்கிற மாதிரி மிரட்டியிருக்கான். எங்க இருக்கான்னாவது தெரியட்டும்னு கையெழுத்துப் போட்டாங்க. அந்த அம்மாவைக் குறை சொல்ற கமென்ட்டை எல்லாம் நான் அழிச்சிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

21வது பட்டாலியன். செப்டம்பர் 8 துருக்கில சண்டை நடந்த கல்லிப்போலில இறங்குறான். இருங்க இருங்க, ஒண்ணு விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி செப்டம்பர் 2, இவங்க போன சவுத்லாண்ட் கப்பலை லெம்னோஸ் தீவுக்குப் பக்கத்துல டார்பிடோ அடிச்சிருச்சு. நாலு மணி நேரம் கடல் தண்ணில கிடந்திருக்கான். அதுல பிழைச்சு வந்தவன்தான் ஆறே நாள்ல ட்ரெஞ்ச்சுக்கு, அதான் பதுங்கு குழிக்குப் போறான்.

வீட்டுக்கு எழுதின கடுதாசில துருக்கிக்காரங்க 70 கெஜம் தூரத்துல இருக்காங்கன்னு எழுதியிருக்கான். என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க, நல்லா இருக்கேன்னும் எழுதியிருக்கான். ஆனா அவனைக் கொன்னது அந்த 70 கெஜத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து வரலை. புதைக்க முடியாத பிணங்க, திறந்த கக்கூஸ் குழி, அதுல உக்காந்த ஈ நேரா சாப்பாட்டுல வந்து உக்காரும். தண்ணியே கப்பல்ல வரணும், அளந்துதான் கொடுப்பாங்க. டைஃபாய்டு வர வேற என்னங்க வேணும்? ஆன்டிபயாடிக் எல்லாம் அப்போ கிடையாது. சண்டைன்னா துப்பாக்கி மட்டும்னு காட்டுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரமா வருது. உடம்புக்கு முடியாமயே ட்ரெஞ்ச்ல கிடந்திருக்கான். அக்டோபர் 25 அன்னைக்குத்தான் க்ளெனார்ட் காசில்ங்கிற ஆஸ்பத்திரிக் கப்பலுக்குக் கொண்டு போறாங்க. அன்னைக்கே சாயங்காலம் இதயம் நின்னுடுச்சு. 15 வயசு ஆக இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு. கப்பல் மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ், ஜிம்மோட அம்மாவுக்கு எழுதின கடுதாசில, நர்ஸுக்கு நன்றி சொல்லிட்டுத் தூங்கலாம்னு படுத்தவன் அப்படியே போயிட்டான்னு இருக்கு.

உடலைக் கடல்லயே விட்டுட்டாங்க. கல்லறை கிடையாது. கல்லிப்போலில லோன் பைன் நினைவுச் சின்னத்துல பேர் இருக்கு, அப்புறம் இங்க, இந்த நினைவகத்துல.

இங்க போர்ல செத்த 1,03,000 பேருக்கு மேல, அவங்க பேரெல்லாம் வெண்கலத் தகட்டுல இருக்கு. அகர வரிசைன்னு நினைச்சு நான் பாட்டுக்கு 'மா' தேடிட்டு இருந்தேன். பட்டாலியன் பட்டாலியனா போட்டிருக்காங்க! முக்கால் மணி நேரம் போச்சு. வெயிட் பண்ணுங்க, பூ கதையை இன்னும் சொல்லலை. செத்தவங்க நினைவா எல்லாரும் பேர் பக்கத்து இடுக்குல சிவப்புப் பாப்பி பூ சொருகுறாங்க. என் பூ நிக்கவே இல்லைங்க. சொருகுறேன், விழுது. சொருகுறேன், விழுது. மூணு தடவை! பக்கத்துல ஒரு வயசான அம்மா ஒண்ணும் சொல்லாம காம்பை வாங்கி நுனியை மடிச்சுக் கையில கொடுத்தாங்க. நாலாவது தடவை கும்முனு உக்காந்துச்சு. சத்தியமா சொல்றேன், இந்த வருஷத்துல எனக்கு இவ்வளவு நிம்மதி கொடுத்த விஷயம் வேற இல்லை.

தகட்டுல பதவி போடலை, வயசும் போடலை. மேல ஒரு பேர், கீழ ஒரு பேர், நடுவுல மார்ட்டின் ஜே. சி. அவ்வளவுதான்.

ஆங், முக்கியமானதை மறந்துட்டேன். அக்டோபர் 9 எழுதின கடைசிக் கடுதாசில, ஊரை விட்டு வந்ததுல இருந்து எனக்கு ஒரு கடுதாசி கூட வரலைன்னு எழுதியிருக்கான். வீட்டுல எழுதிட்டுத்தான் இருந்திருக்காங்க. போய்ச் சேரவே இல்லை.