இரண்டாவது துண்டு

வணக்கம் நேயர்களே. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மருந்தகக் கவுண்டருக்குப் பின்னால் 19 வருடமாக நிற்கிறவன் நான். மருந்துத் துண்டை நீட்டிவிட்டு, பின்னால் தெரிந்த முகம் ஏதும் நிற்கிறதா என்று பார்த்து, குரலைத் தாழ்த்தி ஒருவர் கேள்வி கேட்டால், முன்பெல்லாம் அது மூலவியாதியாக இருக்கும். கனடாவில் கஞ்சா சட்டப்படியான 2018 அக்டோபர் 17க்குப் பிறகு பாதி நாள் கஞ்சாவாக இருக்கிறது. "தம்பி, முழங்கால் நோவுக்கு நல்லதாமே, எவ்வளவு எடுக்கலாம்?"

ஊரில் இதைக் கேட்கவே பயப்பட்டிருப்போம். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் 19 வயதானவர் சட்டப்படியான கடையில் காசைக் கொடுத்து வாங்கலாம். வாங்குங்கோ என்று சொல்ல நான் வரவில்லை. வாங்க வேண்டாம் என்று பிரசங்கம் வைத்தாலும் கேட்கப் போகிறவர்கள் குறைவு. முழங்கால் நோவுக்கு அது உண்மையில் உதவுமா என்பது வேறு கதை, அதை உங்கள் டொக்டரோடு கதையுங்கோ. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள் என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைக்கு என் கதை. அதிலும் புகைக்கிற சாமானை விட, சாப்பிடுகிற சாமான். எங்கள் ஆட்களில் வயது போனவர்கள் புகைக்க மாட்டார்கள். கம்மியைத்தான் வாங்குவார்கள்.

கம்மி என்றால் கஞ்சா கலந்த, மெல்லுகிற இனிப்பு. தமிழ்நாட்டிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல கம்மின்னா குறைவு, அதனால பயமில்லைன்னு நினைச்சேன்" என்றார். பெயரில்தான் கம்மி!

சரி, என் அத்தானின் கதைக்கு வருவோம். அவர் அனுமதி தந்துதான் சொல்கிறேன், பெயரை மட்டும் சொல்லக்கூடாது என்றார். அத்தானுக்கு அப்போது 64 வயது. சிகரெட் தொட்டதில்லை, கல்யாண வீட்டில் ஒரு பியர், அவ்வளவுதான். நித்திரை வரவில்லை என்று வேலையிடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு பக்கெற் வாங்கி வந்திருக்கிறார். ஒரு பக்கெற்றில் இரண்டு துண்டு, துண்டுக்கு 5 மில்லிகிராம் ரி.எச்.சி. ரி.எச்.சி. என்பதுதான் தலையைச் சுற்ற வைக்கிற பொருள், அந்தச் சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ.

மாலை ஏழரைக்கு ஒன்று. எட்டேகாலுக்கு, "ஒன்றையும் காணவில்லை, சும்மா சீனிக்கட்டி" என்று இரண்டாவது. ஒன்பது மணிக்குப் புட்டும் தேங்காய்ப்பால் தாராளமாக விட்ட மீன்குழம்பும். சாப்பிட்ட கையோடு, ஏமாற்றிப்போட்டார்கள் என்ற கோபத்தில், மற்றப் பக்கெற்றை உடைத்து மூன்றாவது.

பத்து மணிக்கு அக்கா எனக்கு ஃபோன் எடுத்தா. "டேய், இவர் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிற்கிறார். விட்டால் வீடு சரிஞ்சுபோகும் எண்டு சொல்லுறார்." நான் சிரித்துவிட்டேன், அது என் பிழை. போய்ப் பார்த்தால் மனிசனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. நாடி 120க்கு மேல் அடிக்கிறது. இருதயம் நிற்கப் போகிறது என்று அழுகிறார். ஒவ்வொரு நிமிடமும் எத்தனை மணி என்று கேட்கிறார். அந்த வயதில் நெஞ்சு படபடக்கிறது என்றால் நான் வீட்டில் வைத்துப் பார்க்கிற ஆள் இல்லை, 911ஐ அழைத்தோம். ஆஸ்பத்திரியில் இருதயத்தைச் சோதித்தார்கள், பிழையில்லை. விடிய வீட்டுக்கு வந்து அடுத்த நாள் பின்னேரம் வரை படுத்தார். ஒன்று சொல்லவேண்டும், நித்திரை மட்டும் வந்துவிட்டது!

இதில் என்ன நடந்தது? புகைத்தால் ரி.எச்.சி. நுரையீரல் வழியாகச் சில நிமிடத்தில் தலைக்குப் போகும். சாப்பிட்டால் வயிறு, குடல், பிறகு ஈரல் என்று சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஈரல் அதை இன்னொரு பொருளாக மாற்றுகிறது, அந்த மாறின பொருளுக்கும் வீரியம் அதிகம். ஆகவே பிந்தித்தான் வரும், வந்தால் பலமாக வரும், கனநேரம் நிற்கும். கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் கணக்கில், தெரியத் தொடங்க அரை மணியிலிருந்து 2 மணி நேரம், முழுவதும் ஏற 4 மணி நேரம் வரை, நிற்பது 12 மணி நேரம் வரை. அடுத்த நாளும் மந்தம் இருக்கலாம். அத்தான் முக்கால் மணியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதோடு ரி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அந்தத் தேங்காய்ப்பால் குழம்பும் ஒரு கை கொடுத்திருக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சொல்லப்படுகிற அளவு 2.5 மில்லிகிராம், அல்லது அதிலும் குறைவு. அத்தான் எடுத்தது 15. ஆறு பங்கு! 5 மில்லிகிராம் துண்டு என்றால் கத்தியால் பாதியாக வெட்டுங்கோ. 10 என்றால் நாலாக வெட்டுங்கோ. ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைப் பூட்டி வையுங்கோ. ஒன்றும் தெரியவில்லையா? தெரியாமலே போகட்டும், அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டாவதைப் பற்றி இன்னொரு நாள் யோசிக்கலாம்.

நான் இந்த இரண்டாவது துண்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் 2014 ஜனவரியில் கஞ்சாக் கடைகள் திறந்தன. மார்ச் மாதம் 19 வயது மாணவன் ஒருவன் டென்வரில் கஞ்சா பிஸ்கட் ஒன்றைச் சாப்பிட்டான். கடைக்காரர் ஆறில் ஒரு பங்கு சாப்பிடச் சொன்னதும் உண்மை, அவன் அப்படித் தொடங்கியதும் உண்மை. அரை மணி, ஒரு மணிக்குள் ஒன்றும் தெரியவில்லை என்று மிச்சம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டான். பிஸ்கட் முழுவதிலும் 65 மில்லிகிராம். அடுத்த சில மணி நேரத்தில் தன்னிலை தவறி, நாலாம் மாடியிலிருந்து குதித்து இறந்துபோனான். அளவைச் சரியாகச் சொல்லியும் பொறுமை இருக்கவில்லை, நேயர்களே.

கனடாவில் 2019இல் சாப்பாட்டுச் சாமானுக்கு இடம் கொடுத்தபோது, ஒரு பக்கெற் முழுவதுக்கும் 10 மில்லிகிராம்தான் என்று வைத்தார்கள். கூட்டச் சொல்லி வியாபாரிகள் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது அப்படியே இருக்கட்டும். இந்தக் கட்டுப்பாடு கள்ளச் சாமானுக்கு இல்லை. பிள்ளைகளின் இனிப்பு மாதிரிப் படம் போட்டு, 500, 1000 மில்லிகிராம் என்று அச்சடித்து வரும், உள்ளே இருப்பது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சட்டப்படியான பக்கெற்றில் சிவப்பு நிறத்தில் இலைச் சின்னமும் வரி முத்திரையும் இருக்கும். இல்லையென்றால் தொடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலித் தம்பி, மூன்று நிமிடம்தான் மிச்சம் என்று மூன்று விரலைக் காட்டுகிறார். புகைப்பதைப் பற்றி இன்னும் தொடவே இல்லையே! சுருக்கமாக: 20 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு கிராமில் 200 மில்லிகிராம் என்று அர்த்தம். புதியவர் 10 சதவீதத்துக்குக் கீழே பாருங்கோ, ஒரு இழுவை இழுத்துவிட்டுப் பொறுங்கோ. குடியோடு கலக்க வேண்டாம். தனியே இருக்கவும் வேண்டாம்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், நித்திரைக் குளிசை எடுப்பவர்கள், இருதய வருத்தம் உள்ளவர்கள் முதலில் மருந்தாளரிடம் கேளுங்கோ, வெட்கம் வேண்டாம். கஞ்சாவில் இருக்கிற இன்னொரு பொருளான சி.பி.டி.யின் எண்ணெய் தலையைச் சுற்ற வைக்காது என்று நினைத்து எடுக்கிறவர்களுக்கும் இதேதான், அதுவும் வார்ஃபரினோடு மோதும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், குடும்பத்தில் மனநோய் உள்ளவர்கள் விட்டுவிடுங்கோ.

வாகனம்: எடுத்த நாளில் சாவியைத் தொட வேண்டாம். 21 வயதும் அதற்குக் கீழும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான ஜி1, ஜி2 லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், ட்ரக் ஓட்டுகிறவர்கள், இவர்களுக்கு ஒன்ராறியோவில் துளியும் இடமில்லை. மிச்சம் இருக்கிறது என்று அமெரிக்காவின் பஃபலோவுக்கோ இலங்கையின் கட்டுநாயக்காவுக்கோ கொண்டுபோகவும் வேண்டாம், எல்லை தாண்டினால் குற்றம்.

ஒரு விரல் காட்டுகிறார். பேரப்பிள்ளை எடுத்துச் சாப்பிட்டுவிட்டால், "பொறுத்துப் பார்ப்போம்" என்ற என் கதை அதற்குப் பொருந்தாது. உடனே நச்சுத் தகவல் நிலையத்தை அழையுங்கோ. பிள்ளை எழும்பவில்லை, மூச்சு வித்தியாசம் என்றால் 911. நச்சு நிலைய இலக்கம் 1-844-764-7669. பேனை எடுத்தீர்களா? இன்னொரு தரம்: 1-844-764-7669. சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.