அல்சூர்ப் பூச்சரமும் கம்பைலரின் கேள்வியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அம்மா பூக் கட்டுவார். விடிவதற்குள் அப்பா கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய் உதிரி மல்லிகை வாங்கி வந்துவிடுவார். ஈரத்துணியில் பூவைக் கொட்டி, வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு அம்மா ஆரம்பித்தால் முழம் முழமாகச் சரம் வளரும். ப்ரோக்ராம் எழுதுவது என் தொழில். அதில் பொருள்களை டைப், அதாவது வகை, பிரித்துப் பார்ப்பது நான் மிகவும் நேசிக்கும் விஷயம். அதைச் சொல்ல அந்தச் சரம்தான் எனக்குக் கைகொடுக்கிறது.

சரம் என்றால் என்ன? ஒன்று, இன்னும் பூ ஏறாத வெறும் நார். இல்லாவிட்டால் ஒரு பூ, அதை அடுத்து ஒரு சரம். அவ்வளவுதான். சரத்தை விளக்கச் சரம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டோம். ஆனாலும் விளக்கத்தில் குறை இல்லை. எந்தச் சரத்தைப் பிரித்தாலும் ஒவ்வொரு பூவாகக் கழன்று கடைசியில் நார் மிஞ்சும். இப்படித் தன் விளக்கத்துக்குள் தானே வரும் வகைக்கு ரிகர்சிவ் டைப் என்று பெயர். 1980இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவான ஹோப் என்ற ப்ரோக்ராம் மொழி இதை அழகாக எழுத வழி செய்தது. ஸ்டாண்டர்டு எம்.எல்., ஹாஸ்கல் போன்ற மொழிகள் அதே வழியில் நடந்தன.

அடுத்தது சப்டைப், அதாவது ஒரு வகைக்குள் அடங்கும் உள்வகை. பூச்சரம் வேண்டும் என்று கேட்பவருக்கு மல்லிகைச் சரத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். அதனால் மல்லிகைச் சரம், பூச்சரத்தின் சப்டைப். நமக்கு இது பார்த்தவுடனே தெரிகிறது. நாம் எழுதும் ப்ரோக்ராமைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

அது இரண்டையும் பிரித்துப் பார்க்கும். நாருக்கு நார், சரி. மல்லிகை ஒரு பூவா? ஆமாம். மிச்சமிருக்கும் மல்லிகைச் சரம் ஒரு பூச்சரமா? அடடா, கேட்ட கேள்வியே திரும்ப வந்து நிற்கிறது! மறுபடி பிரித்தால் மறுபடியும் அதே கேள்வி. அம்மா கட்டும் சரத்துக்கு முடிவு உண்டு. சரம் என்ற வகையைப் பிரிக்கப் போனால் முடிவே இல்லை.

கணினி அறிஞர் லூக்கா கார்டெல்லி எண்பதுகளில் உருவாக்கிய ஆம்பர் மொழியில் இதற்கு வழி கிடைத்தது. முதலில் 'ஆமாம்' என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பிரித்துப் பார்க்க வேண்டும். எங்காவது பொருந்தாமல் போனால் மறுத்துவிடலாம். அதே கேள்வி திரும்பி வந்தால், ஏற்கனவே வைத்துக்கொண்டதுதானே என்று தாண்டிப் போகலாம்.

முதல்முறை படித்தபோது இது எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. நிரூபிக்க வேண்டியதையே நம்பிக்கொண்டு நிரூபிப்பதா? பல நாள் உறுத்தியது. அப்புறம்தான் புரிந்தது. மல்லிகைச் சரம் பூச்சரம் இல்லையென்றால், பத்தாவதோ ஆயிரமாவதோ, ஏதோ ஓர் இடத்தில் பூ அல்லாத ஒன்று இருந்தாக வேண்டும். ஒரு சுற்றுப் பிரித்ததில் தவறு இல்லை. அடுத்த சுற்றும் அச்சு அசல் அதேதான். தவறு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ராபர்த்தோ அமாதியோவும் கார்டெல்லியும் 1993இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு முறையான கணித அடித்தளம் போட்டது. அதே ஆண்டில் கோசன், பால்ஸ்பெர்க், ஷ்வார்ட்ஸ்பாக் மூவரும் இன்னும் வேகமான வழியைக் காட்டினார்கள்: வகைகளின் அளவு இரண்டு மடங்கானால் வேலை ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

இதில் திசை மாறும் இடம் ஒன்று உண்டு. எந்தப் பூவையும் கட்டத் தெரிந்தவரை மல்லிகை கட்டும் வேலைக்கு வைக்கலாம். மல்லிகை மட்டும் கட்டத் தெரிந்தவரை எல்லாப் பூவுக்கும் வைக்க முடியாது. ப்ரோக்ராமில் ஒன்றை வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தரும் பங்க்ஷன் என்பதும் ஒரு பூக்கட்டுபவர்தான். அது வாங்கிக்கொள்ளும் பொருளைப் பொறுத்தவரை சப்டைப் உறவு தலைகீழாகும்.

மாற்றக்கூடிய சரம் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. மல்லிகைச் சரத்தைப் பூச்சரம் என்று சொல்லி ஒருவரிடம் கொடுக்கிறேன். அவர் நடுவில் ஒரு சாமந்தியைச் சொருகுகிறார். அவர்மேல் தப்பில்லை, பூதானே! ஆனால் அதை மல்லிகை என்றே நம்பியிருப்பவர் கதி? ஜாவா மொழியில் அரே என்று ஒன்று உண்டு, பொருள்களை வரிசையாக வைத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். அதில் கம்பைலர் இதைத் தடுக்காது. ப்ரோக்ராம் ஓடும்போதுதான் பிழை வெடிக்கும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் இதே பிழையைத் தேடி ஒரு ராத்திரி முழுவதும் விழித்திருக்கிறேன்.

அம்மா, கட்டி முடித்த சரத்தில் யாரையும் கைவைக்க விடமாட்டார். ஸ்காலா மொழியின் லிஸ்ட், அதாவது பட்டியலும் அப்படித்தான். மல்லிகை லிஸ்ட்டின் முன்னால் ஒரு சாமந்தியை வைத்தால் புதிதாக ஒரு கதம்பம் கிடைக்கும், அதன் வகையைப் பூ லிஸ்ட் என்று கம்பைலரே கண்டுகொள்ளும். பழைய லிஸ்ட் மல்லிகையாகவே இருக்கும்.

வணக்கம்.