கடிதம்தான், நடுவர் அவர்களே!

நடுவருக்கும் பினாங்குத் தமிழ் அவைக்கும் வணக்கம். போர்முனைக்குப் போனவரை வீட்டோடு கட்டிவைப்பது கடிதமா, கைப்பேசியா? நாங்கள் கடிதம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணி அம்மையார் ஒரு கேலி செய்தார். "கடிதம் வந்து சேர்வதற்குள் ஆளே வந்து சேர்ந்துவிடுவார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்! அம்மா, நீங்கள் சொன்னது அப்படியே எங்கள் வீட்டில் நடந்த கதை.

1993. ஐ.நா. படையில் மலேசியப் படையணி பாஸ்னியாவுக்குப் போனது. என் மாமாவும் போனார். அங்கே கொன்யிட்ஸ் என்று ஓர் ஊர்; ஆங்கில எழுத்தில் Konjic. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு கடிதத்துக்கு இரண்டு வடை கூலி பேசி நான்தான் படித்துக் காட்டுவேன். பத்து வயசுப் பையன், எழுத்தைக் கூட்டி "கொஞ்ஜிக்" என்று படித்துவிட்டேன். அத்தை கரண்டியோடு வந்தார். "துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போன மனுஷன் அங்க யாரைக் கொஞ்சுறாராம்?"

அப்புறம் மாமா நல்லபடியாகத் திரும்பி வந்தார். பத்து நாள் கழித்து, வீட்டு வாசலில், அஞ்சடியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். தபால்காரர் வருகிறார். கையில் மாமா எழுதிய கடிதம்! மாமா பாய்ந்து பிடுங்கப் பார்த்தார். "நான்தான் வந்துட்டேனே, இது எதுக்கு?" அத்தை விடுவாரா? "உங்களை யாரு கேட்டா? எனக்கு வந்த கடுதாசி. நீ படிடா."

படித்தேன். "கிளம்பும் அன்று உன்னைத் திட்டியது தப்பு. வந்தால் நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். பனியில் காவல் நிற்கும்போது உன் மீன்குழம்பு வாசம் வருகிறது."

மாமா எழுந்து போய், கோளாறே இல்லாத மோட்டார் சைக்கிளைக் கழற்ற ஆரம்பித்தார். அத்தை, "திருப்பிப் படி" என்றார். படித்தேன். "சத்தமா." படித்தேன். மூன்றாவது தடவைக்குப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வந்து நின்றுவிட்டார். ஒரு சொல் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரிக்கிறார்! அன்றைக்கு எனக்கு ஆறு வடை.

இப்போது சொல்லுங்கள், தாமதமாக வந்ததால் அந்தக் கடிதம் கெட்டுப்போய்விட்டதா?

2007 முதல் நம் வீரர்கள் லெபனானில் இருக்கிறார்கள், தினமும் முகம் பார்க்கலாம் என்றார் அம்மையார். பார்க்கலாம். இங்கே ராத்திரி பத்து மணி, அங்கே சாயங்காலம். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "கேக்குதா?" "ஹலோ?" "முகம் அப்படியே நிக்குது!" இதில் எந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பது? கடிதத்திலோ ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியான வீரர்கள் வீட்டுக்கு எழுத, ஒரு கட்டத்தில் ஓர் அட்டைக்கு 25 சொல்தான் அனுமதி. நமக்கு முட்டை வாங்கி வரச் சொல்லவே 25 சொல் பத்தாது.

எதிரணி வேறு என்னென்னவோ சொன்னார்கள். இருக்கட்டும்.

மாமா இப்போது இல்லை. போன தீபாவளிக்குப் போயிருந்தேன். அத்தை மைலோ டின்னைத் திறந்து, "படிடா" என்றார். கூலி கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. கடிதம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கிறது. "உன்னைத் திட்டியது தப்பு" வரைக்கும் படித்தேன். அதற்கு அடுத்த வரி மடிப்போடு போய்விட்டது. தடுமாறினேன்.

அத்தை தலை நிமிரவில்லை. முறுக்கு பிழிந்துகொண்டே சொன்னார்: "வந்தால் நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்."

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.