எசமான் குரல் எட்டாத இடம்

வணக்கம். 31 ஆண்டுகள் அரசு கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோபிசெட்டிபாளையம் சுற்றுவட்டாரத்தில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மாட்டு டாக்டர் என்றால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். அப்படிப்பட்டவனை நாய் வளர்ப்பு பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். காரணம், எங்கள் வீட்டில் இருக்கும் ஆறு கிலோ ஜாக் ரஸ்ஸல் டெரியர். ஆசைப்பட்டு வாங்கியவள் மகள். கடுகு என்று பெயர் வைத்தவளும் அவள்தான். ஏழே மாதத்தில் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கடுகு எங்களோடு தங்கிவிட்டான்.

இசைத்தட்டுக் காலத்து நேயர்களுக்கு ஒரு நாய் ஞாபகம் இருக்கும். எச்.எம்.வி. தட்டில், கிராமஃபோன் குழாய் முன்னால் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்குமே, அதுதான். பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த டெரியர் கலப்பு. வீட்டுக்கு வருகிறவர்களின் காலைப் பின்னாலிருந்து கவ்வுமாம், அதனால் வந்த பெயர் என்பார்கள். அதை வளர்த்த ஓவியர் ஒருவர், அது இறந்த பிறகு வரைந்த படத்துக்கு ‘எசமானின் குரல்’ (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், அதுதான் எச்.எம்.வி.) என்று பெயரிட்டு, 1899-ல் கிராமஃபோன் கம்பெனிக்கு விற்றார். அந்தப் படத்தை இப்போது பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எசமான் குரல் எட்டாத இடத்தில் வேலை செய்வதற்கென்றே உருவாக்கிய இனமல்லவா டெரியர்!

இங்கிலாந்தில் டெவன் என்றொரு பகுதி. அங்கே ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார், நரி வேட்டைப் பித்தர். 1819-ல் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார். இந்த இனத்தின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. துரத்தப்படும் நரி வளைக்குள் புகுந்துகொள்ளும். பெரிய வேட்டை நாய்களால் உள்ளே போக முடியாது. சின்ன நாய் போக வேண்டும். போய் நரியைக் கொல்லாமல், குரைத்து விரட்டி வெளியே தள்ள வேண்டும். டெரியர் என்ற சொல்லே மண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து, வளைக்குள் நுழையும் அளவா என்று இன்றைக்கும் கண்காட்சிகளில் பார்க்கிறார்கள்.

அந்த வளைக்குள் இருட்டு. எதிரே பல்லைக் காட்டும் நரி. மேலே நிற்பவர் கத்தினால் கேட்காது. முன்னே போவதா, பின்வாங்குவதா, நாயே முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்தவற்றையே இருநூறு வருடமாக இனம் சேர்த்துவிட்டு, “சொன்ன பேச்சு கேட்கமாட்டேங்குது டாக்டர்” என்று நம்மிடம் வருகிறார்கள்.

நானும் அப்படிப் புலம்பியவன்தான். ஒரு நாள் காலை நடையில், தெருமுனைச் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் கடுகு ஒரு பெருச்சாளியைப் பார்த்துவிட்டான். வார் என் கையில் இருக்கிறது, நாய் குழாய்க்குள். நாற்பது நிமிடம் டேய் டேய் என்று கத்தினேன். பால் வாங்க வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கடைசியில் பெருச்சாளி வேறு வழியாகப் போயிற்று. அவன் தானாக வெளியே வந்தான், மூக்கெல்லாம் சேறு, வாலை ஆட்டிக்கொண்டு. எனக்கு அடிக்கக் கை ஓங்கியது. அடித்திருந்தால், வெளியே வந்ததற்குத்தான் அடி விழுந்தது என்று அவன் கணக்குப் போட்டிருப்பான்.

அன்றைக்குத்தான் ஓர் எவர்சில்வர் டப்பாவில், வேகவைத்த ஈரலைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கிப் போட்டேன். பெயரை ஒரே ஒரு தடவை கூப்பிடுவது, டப்பாவைத் தட்டுவது, வந்த நொடியே ஒரு துண்டு. ஐந்து நொடி தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்றே அவனுக்குப் புரியாது. முதலில் கூடத்தில், பிறகு மொட்டைமாடியில், பிறகு பத்து மீட்டர் கயிறு கட்டி மைதானத்தில். குளிப்பாட்டவோ ஊசி போடவோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நாமே போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் பிடித்தது. இன்றைக்கும் பெருச்சாளி கண்ணில் பட்டால் டப்பா தோற்றுவிடும். அதனால் சாலையில் வார் இல்லாமல் விடுவதே இல்லை.

எங்கள் வீட்டில் இன்னொரு குழப்பம் இருந்தது. நான் “டேய்” என்பேன், மகள் “நோ” என்பாள், என் அம்மா “ச்சீ, அந்தாண்ட போ” என்பார். பாவம், மூன்று மொழி! “விடு” என்று ஒரே சொல்லுக்கு மாறினோம். செருப்பை வாயிலிருந்து பிடுங்குவதை நிறுத்திவிட்டு, “விடு” என்று சொல்லி ஈரலைக் காட்டினோம். பிடுங்கினால் அவனுக்கு அது விளையாட்டு. அம்மா மட்டும் இன்னும் ச்சீதான்.

மண் தோண்டுவதை நிறுத்தப் பார்க்காதீர்கள், முடியாது. இடத்தை மாற்றலாம். மாடியில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில் மணல் கொட்டி, அதற்குள் பந்தையும் தின்பண்டத்தையும் புதைத்து வைக்கிறேன். துளசி மாடம் பிழைத்தது. காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் நடை, வெயில் தாழ்ந்த பிறகு இன்னொரு அரை மணி. தார்ச் சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதமும் தாங்காது.

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்காதீர்கள். வாங்கும்போது குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். வெள்ளை நிறம் மிகுந்த நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போனால் வீட்டில் ஈரம் குறையும். வெறிநாய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில், பிறகு ஆண்டுதோறும் தவறாமல். எலியைத் துரத்தும் இனம் என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் அவசியம். எலி மருந்து வைக்கும் வீட்டில் டெரியர் வேண்டவே வேண்டாம். கண் சிவந்து கலங்கி இமையை இடுக்கினால், கடையில் சொட்டு மருந்து வாங்கி நாள் கடத்தாதீர்கள். டெரியர்களுக்குக் கண்ணின் லென்ஸ் இடம்பெயரும் பரம்பரைக் கோளாறு உண்டு. அன்றைக்கே காட்டினால்தான் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு.

சாப்பாட்டில் ஒரு கணக்கு. நான் அறுபது கிலோ, அவன் ஆறு. வருகிற விருந்தாளி ஆசையாக நீட்டும் ஒரு பிஸ்கட், எனக்குப் பத்து பிஸ்கட்டுக்குச் சமம். பாயசத்தில் மிதக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாணி வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும். கோழியின் வெந்த எலும்பு ஊசியாக உடையும். இதையெல்லாம் சொன்னால் விருந்தாளிகள் நம்மைக் கஞ்சன் என்பார்கள். பரவாயில்லை.

இந்த உரை காலை ஆறே காலுக்கு ஒலிபரப்பாகும் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு ஒன்றையும் யோசித்தேன்: அது கடுகின் நடை நேரம். நாங்கள் இரண்டு பேருமே கேட்க மாட்டோம்.